அம்பாசிடர் முதல் டிசையர் வரை: டிரைவர்கள் மெச்சும் கார் எது, மறக்க நினைக்கும் கார் எது? - ஓர் அலசல்

ஒரு காரைப் பற்றி ஷோரூமில் கேட்டால் மைலேஜும் மாதத் தவணையும் சொல்வார்கள். யூடியூபில் கேட்டால் சன்ரூஃப் பற்றியும் டச் ஸ்கிரீன் பற்றியும் சொல்வார்கள். அதே கேள்வியை இருபது வருஷமாக சொந்த வண்டி ஓட்டும் ஒரு டாக்ஸி டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். "நீங்க வச்சிருந்ததுலயே நல்ல வண்டி எது?" என்றால் பதில் வேறு மாதிரி வரும். "அந்த வண்டியா... ஒரு நாள்கூட நடுரோட்டுல நிக்க வச்சதில்ல" என்பார்கள். மோசமான வண்டி எது என்றால், "செட்டுலயே கிடந்துச்சு" என்பார்கள்.

இந்த இரண்டு பதில்களுக்கும் பின்னால் தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குப் புரிந்தால், காகிதத்தில் சுமாராகத் தெரிந்த சில கார்கள் ஏன் கொண்டாடப்பட்டன, நல்ல இன்ஜின் இருந்தும் சில கார்கள் ஏன் கைவிடப்பட்டன என்பதும் புரியும்.

டிரைவரின் கணக்கு என்ன?

சொந்த வண்டி ஓட்டுபவருக்கு வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் டியூ கட்ட வேண்டும். இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி. எதுவும் நிற்காது. அதனால் மைலேஜைவிட முக்கியமான ஒரு கேள்வி அவருக்கு உண்டு: வண்டி ரிப்பேர் ஆனால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப ரோட்டுக்கு வரும்?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கார் லிட்டருக்கு 20 கி.மீ. தருகிறது, இன்னொன்று 16 கி.மீ. தருகிறது. தினமும் 100 கி.மீ. ஓட்டம், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் காருக்கு 460 ரூபாய், இரண்டாவதுக்கு 575 ரூபாய். வித்தியாசம் ஒரு நாளைக்கு 115 ரூபாய். மாதம் 25 நாள் ஓட்டினால் 2,875 ரூபாய் மிச்சம். ஆனால், அந்த மைலேஜ் கார் ஒரு ஸ்பேர் கிடைக்காமல் 5 நாள் நின்றுவிட்டால்? ஒரு நாள் வருமானம் 2,000 ரூபாய் என்று வைத்தாலே 10,000 ரூபாய் போய்விடும். மூன்றரை மாதம் மைலேஜில் மிச்சம் பிடித்தது ஐந்தே நாளில் காலி.

இதோடு மூன்றாவதாக ஒன்றும் சேரும். விற்கும்போது என்ன விலை போகும் என்பது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இந்திய ரோட்டில் ஓடிய சில கார்களைப் பார்ப்போம்.

அம்பாசிடர்: குறைகளோடு ஜெயித்த கார்

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டது அம்பாசிடர். 1950-களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைத் தயாரிக்க ஆரம்பித்தது. 2014 மே மாதம் வரை, பெரிய மாற்றம் இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் வந்துகொண்டே இருந்தது.

குறை சொல்ல ஆரம்பித்தால் பட்டியல் நீளும். ஸ்டீயரிங் கனம். பிரேக்கை முன்கூட்டியே மிதிக்க வேண்டும். எடை ஆயிரம் கிலோவுக்கு மேல், அதனால் பெட்ரோல் குடிக்கும். ஆனாலும் பழைய டிரைவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். காரணம், இதில் மெக்கானிக்குக்குத் தெரியாத பாகமே கிடையாது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். சின்ன ஊரிலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் இருந்தார். சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ புதுசாகவோ பழசாகவோ பாகம் கிடைத்துவிடும். பின்னால் நான்கு பேர், டிக்கி நிறைய லக்கேஜ் என்று ஏற்றினாலும் மேடு பள்ளத்தில் தாங்கும்.

மாடல் மாறாமல் இருந்தது கார் ரசிகர்களுக்குக் குறை. டிரைவர்களுக்கு அதுவே வசதி. பத்து வருஷம் முன்னால் வந்த வண்டியின் பாகம் இன்றைய வண்டிக்கும் பொருந்தியது. மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினியின் கதையும் இதுதான். தயாரிப்பு 2001-ம் ஆண்டு வாக்கில் நின்ற பிறகும் 2023 அக்டோபர் வரை அது மும்பையில் டாக்ஸியாக ஓடியது. அங்கே டாக்ஸிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு என்பதால்தான் ரோட்டை விட்டு இறங்கியது.

ஸ்டாண்டர்டு 2000: பார்க்க ராஜா, உள்ளே பழைய இன்ஜின்

இதற்கு நேர் எதிரான கார் சென்னையிலிருந்தே வந்தது. ஹெரால்டு, கெஸல் கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசு காரைக் கொண்டுவந்தது. பாடி பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அன்றைய இந்திய ரோட்டில் அவ்வளவு அழகான கார் அரிது.

சிக்கல் பானெட்டுக்கு உள்ளே இருந்தது. பிரிட்டனில் இந்தக் காருக்கு வி8 இன்ஜின் வரை கொடுத்தார்கள். இங்கே வந்ததோ பழைய வேன்கார்டு கார் காலத்து 2 லிட்டர் இன்ஜின். கனமான பாடியை அதனால் விரட்ட முடியவில்லை. இழுவையும் இல்லை, மைலேஜும் இல்லை. விலையோ அதிகம். சில வருஷங்களில் தயாரிப்பு நின்றது, நிறுவனமும் எழவில்லை. குறைவாக விற்ற கார் என்றால் மெக்கானிக்குக்கும் பழக்கம் இருக்காது, ஸ்பேர் கடைக்காரரும் சரக்கு வைக்க மாட்டார். டிரைவரின் மூன்று கேள்விகளிலும் தோற்ற கார் இது.

மாருதி 800: நம்பிக்கையை விற்ற கார்

1983 டிசம்பர் 14-ம் தேதி டெல்லியில் ஹர்பால் சிங் என்ற ஊழியரிடம் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார். 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின், சுமார் 650 கிலோ எடை. அம்பாசிடர் பக்கத்தில் நிறுத்தினால் பொம்மை மாதிரி இருக்கும்.

இந்தக் கார் கொண்டுவந்த பெரிய மாற்றம், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்ற நம்பிக்கை. அதுவரை கார் வைத்திருப்பது என்றால் மெக்கானிக்கைத் தெரிந்து வைத்திருப்பது என்று அர்த்தம். டிரைவர் வைக்காமல் குடும்பத்தில் ஒருவரே ஓட்டலாம் என்ற பழக்கம் நடுத்தர வர்க்கத்துக்கு வந்ததில் இந்தக் காருக்குப் பெரிய பங்கு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதும் 2010-ல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் தயாரிப்பே முடிந்தது. இன்றும் பலர் "முதல் கார்" என்றால் இதைத்தான் சொல்கிறார்கள்.

இண்டிகா: தீர்ப்பை மாற்றி எழுதிய கார்

1998 இறுதியில் வந்த டாடா இண்டிகாவுக்கு ஏகப்பட்ட புக்கிங். ஆனால், முதலில் வாங்கியவர்களிடமிருந்து சத்தம், அதிர்வு, டயர் தேய்மானம் எனப் புகார் மேல் புகார் வந்தது. அந்த முதல் இரண்டு வருஷத்தில் வாங்கியவரைக் கேட்டால் இதை மோசமான வண்டி என்றுதான் சொல்வார்.

2001-ல் குறைகளைச் சரிசெய்து இண்டிகா வி2 வந்தது. 1.4 லிட்டர் டீசல் இன்ஜின், அகலமான உள் இடம், தாங்கக்கூடிய விலை. அப்போது பெட்ரோலைவிட டீசல் நன்றாகவே மலிவு. கால் டாக்ஸி தொழில் வளர்ந்த நேரமும் அதுதான். வெள்ளை இண்டிகாவும் மஞ்சள் போர்டும் பிரிக்க முடியாத ஜோடி ஆயின. ஒரே பெயர், இரண்டு வருஷ இடைவெளி, நேர் எதிரான இரண்டு தீர்ப்பு. புது மாடல் வந்ததும் ஓடிப்போய் வாங்காமல் ஒரு வருஷம் பொறுத்திருப்பது டிரைவர்களிடம் பழக்கமாக இருப்பது இதனால்தான்.

டிராவல்ஸ் வண்டிகளில் இதே இடத்தைப் பிடித்தது டொயோட்டா குவாலிஸ். 2000-ல் வந்து, நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005-ல் இனோவாவுக்கு வழிவிட்டது. டர்போகூட இல்லாத 2.4 லிட்டர் டீசல் இன்ஜின். வேகம் கிடையாது, ஆனால் கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

ஒரே இன்ஜின், இரண்டு தீர்ப்பு

டிரைவர் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினை, உரிமம் பெற்று மாருதியும் தயாரித்தது. அது ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் வந்தது. அடிப்படையில் அதே இன்ஜின்தான் ஃபியட்டின் சொந்த கார்களான புன்டோவிலும் லீனியாவிலும் இருந்தது.

டிசையர் டாக்ஸி டிரைவர்களின் செல்ல வண்டி ஆனது. புன்டோவும் லீனியாவும் ஓட்டுவதற்கு உறுதியான கார்கள் என்று பெயர் வாங்கியும் விற்பனையில் தடுமாறின. ஒரு காலத்தில் ஃபியட் கார்களின் விற்பனையும் சர்வீஸும் டாடாவோடு சேர்ந்து நடந்தன; 2012-ல் அந்த ஏற்பாடு பிரிந்தது. 2019-ல் ஃபியட் கார் விற்பனையே இந்தியாவில் முடிந்தது. மாருதிக்கு ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர், தெருமுனைக் கடையிலும் ஃபில்டர். இன்ஜின் ஒன்றாக இருந்தும் ஒருவர் கையில் சொத்தாகவும் இன்னொருவர் கையில் சுமையாகவும் மாறியதற்கு இந்த வித்தியாசம் போதும்.

கம்பெனி கிளம்பினால் என்ன ஆகும்?

2017-ல் செவர்லே கார்களின் விற்பனையை நிறுத்துவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாகச் சொன்னது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி கார் 2022-ல் வெளியே வந்தது. இரண்டு நிறுவனங்களுமே சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்றுதான் அறிவித்தன. ஆனால், அறிவிப்பு வந்த மறுநாளே பழைய கார் வாங்க வருபவர் பேரத்தை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். நேற்று வரை நல்ல வண்டியாக இருந்தது, ஒரு ஸ்க்ரூகூட மாறாமல், விற்க முடியாத வண்டி ஆகிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அப்படி விலை குறைந்த காரை, அதைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருப்பவர் வாங்கினால் அவருக்கு லாபம்.

இந்தப் பட்டியலில் விடுபடுவது எது?

இவ்வளவு நேரம் பார்த்ததில் ஒரு விஷயம் வரவே இல்லை. பாதுகாப்பு. டிரைவர்களின் நல்ல கார் பட்டியலில் அது பெரும்பாலும் வருவதில்லை. "முப்பது வருஷம் ஓட்டினேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்கள், ஒன்றும் ஆகாததால்தான் சொல்கிறார்கள். விபத்தில் இறந்தவர் தன் கார் எப்படி இருந்தது என்று சொல்ல வருவதில்லை. அனுபவத்தை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு நம் கண்ணில் படாமலே போய்விடும்.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஆகிய ஐந்தின் ஏர்பேக் இல்லாத மாடல்களும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்யம் ஸ்டார் வாங்கின. போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்துச் சோதித்தபோது 4 ஸ்டார் கிடைத்தது.

இதில் நானோவைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2008-ல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று அறிமுகமாகி, சில வண்டிகள் தீப்பிடித்த சம்பவங்களால் பெயர் கெட்டு, 2018-ல் தயாரிப்பு முடங்கியது. வைத்திருந்த பலர் நெரிசலில் திருப்பவும் நிறுத்தவும் அதுபோல் வேறு கார் இல்லை என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. மோதல் சோதனையில் வந்த பூஜ்யமும் உண்மை.

2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பிறகு முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் கட்டாயமானது. பாரத் என்கேப் ஸ்டார் மதிப்பீடு 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆனால், பழைய கார் சந்தையில் இன்று விற்கும் வண்டிகளில் பல இந்த விதிகளுக்கு முன்பே வந்தவை.

பழைய கார் வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

* முதலில் விற்பவரிடம் போகாதீர்கள். உங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் போய், "இந்த மாடல் உங்ககிட்ட மாசம் எத்தனை வருது, என்ன வேலைக்கு வருது?" என்று கேளுங்கள். ஒன்றுமே வருவதில்லை என்றால் வண்டி நல்லதாகவும் இருக்கலாம், ஊரில் அந்த வண்டியே இல்லாமலும் இருக்கலாம். அதையும் கேட்டுவிடுங்கள்.

* ஹெட்லைட், முன் பம்பர், கிளட்ச் செட் ஆகிய மூன்றுக்கும் ஸ்பேர் கடையில் விலையும் எத்தனை நாளில் வரும் என்பதும் விசாரியுங்கள். அடிக்கடி தேவைப்படுவது இவைதான்.

* அந்த மாடல் அறிமுகமான முதல் வருஷத்து வண்டியா, குறைகள் சரியான பிறகு வந்ததா என்று பாருங்கள்.

* ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு எஃப்.சி. எடுத்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

* அதே மாடலில் ஏர்பேக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் உள்ள வேரியன்ட்டும் இல்லாத வேரியன்ட்டும் சந்தையில் இருக்கும். சில ஆயிரம் அதிகம் கொடுத்தாலும் முதலாவதையே எடுங்கள். விபத்தில் சிக்கிய வண்டி என்றால் ஏர்பேக் மாற்றப்பட்டதா என்பதைக் கட்டாயம் சோதியுங்கள்.

முதல் நான்கு கேள்விகளுக்கு எந்த அனுபவசாலி டிரைவரும் சரியாக வழிகாட்டுவார். ஐந்தாவதை அவரே கேட்காமல் விட்டிருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த முறை வீட்டில் பழைய கார் பேச்சு வந்தால் அதை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.