காரைச் சாகடிப்பது சூடு

திருச்சி உறையூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய கார்கள்தான் அதிகம் வரும். 2014 ஜனவரியோடு தயாரிப்பே நின்றுபோன மாருதி 800 இன்றும் ஜம்மென்று வந்து நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஏழு வருஷம்கூட ஆகாத கார் ஒன்று இன்ஜினைப் பிரித்துப் போட்டுக் கிடக்கும். விலையோ மாடலோ இதற்குக் காரணம் இல்லை. என் அனுபவத்தில் பாதி இன்ஜின்கள் சூட்டில் சாகின்றன. அதுவும் கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றியதால்.

"தண்ணியும் குளிர்ச்சிதானே அண்ணே?" என்று கேட்காதவர்கள் குறைவு. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். கூலன்டில் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கும், துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால், 120 டிகிரியிலும் அது கொதிக்காமல் தாங்கும். நம் போர் தண்ணீரிலோ உப்பும் சுண்ணாம்பும்தான். ரேடியேட்டரின் அடித் திருகைக் கழற்றினால் செங்கல் நிறத்தில் தண்ணீர் கொட்டும். மெல்லிய குழாய்களில் வெள்ளையாகப் படிந்து பாதி வழி அடைத்திருக்கும். வாட்டர் பம்ப்பின் இறக்கைகளைத் துரு தின்றிருக்கும்.

இதைவிட என்னை வருத்துவது இன்னொரு பழக்கம். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிகிறார்கள். இன்ஜின் சுமார் 85 டிகிரிக்கு வரும்வரை கூலன்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்திவைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. தயவுசெய்து கழற்ற விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். "டெம்பரேச்சர் முள்ளு மேல போச்சு தம்பி. வீடு ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டிட்டேன்" என்றார். டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் ஆயிலில் இறங்கிவிட்டது. ஹெட்டைக் கழற்றித் துடைத்து, இரும்பு ஸ்கேலை அதன் மேல் நிறுத்தி, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தேன். ஓரங்களில் நுழையாத தகடு நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்துதான் மறுபடி பூட்ட முடிந்தது. "சார், அங்கேயே நிறுத்தியிருந்தா ஒரு ஹோஸ் மாத்துறதோட போயிருக்கும்" என்றேன்.

இப்போது பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். முள் இருக்கும் வண்டியில் மேலே ஏறிய முள் திடீரென்று இறங்கினாலும் நம்பாதீர்கள். கூலன்ட் மொத்தமும் வெளியேறிவிட்டால் சென்சாருக்குச் சூடு தெரியாமல் போவதுண்டு.

"என் வண்டி அதிகம் ஓடவே இல்லையே" என்பதும் ஆறுதல் இல்லை. அமெரிக்காவில் லாங் ஐலண்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் இர்வ் கார்டன், 1966இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013இல் 30 லட்சம் மைல் தாண்ட ஓட்டினார். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். கம்பெனிக் கையேட்டில் சொன்னபடி பராமரித்தார், நீண்ட சாலைகளில் ஓட்டினார். பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போய்வரும் காரில் ஆயில் சரியாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து பிசுக்காகின்றன. அதனால்தான் பல கையேடுகளில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இன்ஜின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன் எது போனாலும் மாற்றலாம். பாடி அரித்துப்போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நாகப்பட்டினம் பக்கத்து வண்டிகளை லிஃப்டில் ஏற்றும்போதே உப்புக்காற்றின் வேலை தெரியும். கடற்கரை ஊர்க்காரர்கள் வண்டியின் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் எல்லா ஊர்க்காரர்களும் கால்மிதியைத் தூக்கி, கீழே கார்பெட் ஈரமா என்று கையை வைத்துப் பாருங்கள். கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். இலையும் மண்ணும் அடைத்திருந்தால், பெயின்ட் கீறாத மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள்.