வீதியோரமே எங்கள் நடைபாதை

காலை ஆறரை மணி. மலையில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. லயங்களிலிருந்து இறங்கி வரும் பெண்கள் கூடையையும் படங்கையும் சுமந்தபடி பிரதான வீதியின் ஓரமாக வரிசையாக நடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் பாடசாலைப் பிள்ளைகள். வளைவுக்கு அப்பால் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்கிறது. உடனே எல்லோரும் கானுக்குள் ஒரு காலை வைத்து ஒதுங்கி நிற்கிறார்கள். பஸ் போனதும் மறுபடியும் வீதியில் ஏறி நடக்கிறார்கள்.

ஹற்றன், தலவாக்கலை, லிந்துலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று மலையகத்தின் எந்தப் பாதையில் போனாலும் நாம் தினமும் காணும் காட்சி இது. பழகிப் போனதால் இதில் உள்ள ஆபத்து எமக்குத் தெரிவதில்லை.

அண்மையில் மலையக நகரமொன்றின் கடை வீதியில் ஓர் அக்காவுடன் நடந்துகொண்டிருந்தேன். அவருடைய தாய் தகப்பன் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின்னர் வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள். அக்கா அங்கேதான் வளர்ந்தார், மணம் முடித்தார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் கணவரையும் ஒரு காலையும் இழந்தார். இப்போது செயற்கைக் காலுடன், தமக்கையின் லயத்து வீட்டில் வாழ்கிறார்.

கடைக்காரர்களின் பெட்டிகள் பாதி நடைபாதையை அடைத்திருந்தன. மிகுதிப் பாதியில் நாங்கள் நடந்தோம். திடீரென எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு மின்சார ஸ்கூட்டர் வந்து, அக்காவின் முழங்கையை உரசிக்கொண்டு போனது. வீதியில் வாகன நெரிசல் என்பதால் அந்த இளைஞன் நடைபாதையில் ஏறிவிட்டான். அக்கா விழவில்லை. ஆனால் என் தோளைப் பிடித்த கை நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, சத்தம் கேட்டா ஒதுங்கிக்குவேன். சத்தமே இல்லாம வர்றதுக்கு எப்பிடி ஒதுங்குறது?” என்று கேட்டார்.

யுத்தத்துக்குள் வாழ்ந்த சகோதரிகளுக்கு இந்தக் கேள்வியின் பாரம் விளங்கும். விமானச் சத்தம், ஷெல் குத்தும் சத்தம் என்று காதைக் கூர்மையாக்கியே உயிரைக் காத்தவர்கள் நாம். பின்னால் சத்தமின்றி வரும் எதுவும் எமக்குச் சாதாரண விடயமாக இருப்பதில்லை. யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரும், கடைக்குப் போய்வரும் ஒரு பெண் அச்சத்துடன்தான் நடக்க வேண்டுமா?

மின்சார ஸ்கூட்டர் எமக்கு எதிரியா?

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடே எரிபொருள் நிலையங்களில் வரிசையில் நின்றது. சைக்கிளையும் மின்சார மோட்டார் சைக்கிளையும் மக்கள் தேடத் தொடங்கிய காலம் அது. பெற்றோல் வேண்டாம், புகை இல்லை, வீட்டு மின்சாரத்திலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம். தையல், சிறு கடை, முன்பள்ளி ஆசிரியத் தொழில் என்று தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு இது பெரும் உதவியாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. எனவே அந்த வாகனத்தை வெறுத்துப் பயனில்லை. அதை எங்கே, எப்படி ஓட்டுகிறார்கள் என்பதே நாம் பேச வேண்டிய விடயம்.

மின்சார வண்டியில் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, மெதுவாக ஓடும்போது அதன் சத்தம் கேட்பதில்லை. மற்றையது, நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகமெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய மின்சாரக் கார்கள் யாவும், மணிக்கு 20 கிலோமீற்றர் வரையான வேகத்தில் ஓடும்போது செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்பது சட்டம். பார்வையற்றோரையும் நடந்து செல்வோரையும் எண்ணியே அந்தச் சட்டம் வந்தது. ஆனால் இரு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தாது.

மற்ற நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டவை

சிங்கப்பூரில் மின்சார ஸ்கூட்டர்கள் ஒரு காலத்தில் நடைபாதையில் ஓட அனுமதிக்கப்பட்டிருந்தன. விபத்துகள் பெருகின. 2019 செப்டெம்பரில் சைக்கிளில் சென்ற முதிய பெண்ணொருவர் மின்சார ஸ்கூட்டருடன் மோதுண்டு உயிரிழந்தார். மக்களின் கோபம் எழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி முதல் நடைபாதையில் மின்சார ஸ்கூட்டர் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. மீறினால் 2000 சிங்கப்பூர் டொலர் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பிரான்சின் தலைநகர் பாரிஸில் வாடகை மின்சார ஸ்கூட்டர்கள் நடைபாதையெங்கும் கிடந்து மக்களைத் தடுக்கி விழச் செய்தன. 2023 ஏப்ரல் 2ஆம் திகதி நகரசபை மக்களிடமே வாக்குக் கேட்டது. வாக்களிக்க வந்தவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் அவர்களில் ஏறக்குறைய 89 வீதத்தினர் வேண்டாம் என்றனர். அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதியோடு வாடகை ஸ்கூட்டர்கள் பாரிஸை விட்டு அகன்றன.

இந்த நாடுகளில் வண்டிகள் முதலில் வந்தன, விதிகள் பின்னர் வந்தன. இடையில் அடிபட்டவர்கள் நடந்து சென்றவர்களே. மலையகத்துக்கு மின்சார வண்டிகள் இன்னும் பெருந்தொகையாக வரவில்லை. அவை வருமுன்னரே பேசுவதற்கு எமக்குச் சற்றுக் காலம் இருக்கிறது.

நடைபாதையே இல்லாத இடத்தில்

சிங்கப்பூரிலும் பாரிஸிலும் காப்பாற்ற ஒரு நடைபாதையாவது இருந்தது. நமது நிலை வேறு. அவிசாவளையில் தொடங்கி கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா செல்லும் ஏ-7 வீதியில், நகரங்களைத் தாண்டினால் நடப்பதற்கென்று இடம் பெரும்பாலும் இல்லை. ஒரு பக்கம் மலைச்சுவரும் கானும், மறுபக்கம் பள்ளம். நடுவில் உள்ள தாரில் பஸ்ஸும் லொறியும் முச்சக்கர வண்டியும் சுற்றுலா வேனும் ஓடுகின்றன. கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்த பெண்ணும் அதே தாரில்தான் நடக்கிறாள்.

மலை வீதிகள் எவ்வளவு கொடியவை என்பதை நாம் மறக்கவில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை நாடே அழுத விபத்துகள். ஆனால் வீதியோரம் நடந்து சென்றபோது அடிபட்டு, கால் முறிந்து, பெயர் பறிபோய் வீட்டோடு முடங்கிய பெண்ணின் கதை பத்திரிகையில் வருவதில்லை.

உலகமெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவர்களில் 23 வீதத்தினர் நடந்து சென்றவர்கள். மின்சார ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளில் சென்றவர்கள் 3 வீதத்தினர். ஆராயப்பட்ட வீதிகளில் 80 வீதமானவை நடப்போருக்குரிய குறைந்தபட்சப் பாதுகாப்புத் தரத்தைக்கூட எட்டவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. வேகம் கூடக் கூட ஆபத்தும் பெருகுகிறது. கார் மோதும் வேகம் 50 கிலோமீற்றரிலிருந்து 65 கிலோமீற்றராக உயர்ந்தால், அடிபடுபவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது.

நடந்தே வந்தவர்கள்

2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் நடந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் எமது முன்னோர் காடு வழியே நடந்து வந்த பாதையை நினைவுகூரும் பயணம் அது. அன்று நடந்து வந்தவர்களின் பேத்திகள் இன்றும் நடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நடைபாதை கேட்பது பெரிய ஆசையல்ல.

தோட்டத்துக்குள் இருக்கும் பாதைகளின் கதை இன்னும் கசப்பானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தமது நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்கு எமக்குண்டு, வரப்பிரசாதம் இல்லை என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னர் அந்தத் தடை நீங்கியது. நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் உருவாகின. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் என்ற விதியும் 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆகவே, “தோட்டப் பாதைக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்ற பதிலை நாம் இனி ஏற்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் அதனோடு வந்த மண்சரிவும் நாடெங்கும் 600இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. மலையகத்தின் எத்தனையோ வீதிகள் அறுந்தன. சரிந்த வீதியைத் திரும்பக் கட்டும்போது, அதன் ஓரத்தில் மூன்று நான்கு அடி நடைபாதைக்கும் இடம் விட வேண்டும். மூடியில்லாத கானுக்குக் கொங்கிறீட் மூடி போட்டாலே பல இடங்களில் நடக்கும் பாதை கிடைத்துவிடும். வேலை முடிந்த பின்னர் கேட்டால், அடுத்த திருத்த வேலை வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, எந்த வீதி யாருக்கு உரியது என்று அறிந்துகொள்வோம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண சபைக்கு உரியவை. நகருக்குள் உள்ள சிறு வீதிகளும் நடைபாதைகளும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் பொறுப்பு. தோட்டப் பாதை என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, மாதர் சங்கக் கூட்டத்தில் பேசி ஒரு கடிதம் எழுதுவோம். எந்த வளைவிலிருந்து எந்தப் பாலம் வரை ஆபத்து, காலையில் எத்தனை பெண்களும் பிள்ளைகளும் அதில் நடக்கிறார்கள் என்று எண்ணி எழுதினால் கடிதத்துக்குப் பலம் கூடும். பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்கலாம். அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும், பொது இடங்களை அவர்கள் பயன்படுத்துவது தொடர்பான 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளையும் கடிதத்தில் குறிப்பிடலாம். செயற்கைக் காலுடன் நடக்கும் அக்காவுக்கு நடைபாதை வெறும் வசதி அல்ல.

மூன்றாவது, வீட்டில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் மகனிடமும் தம்பியிடமும் நாமே சொல்வோம். நடைபாதையில் ஏறாதே. ஆட்களைக் கண்டால் தூரத்திலேயே ஹோர்ன் அடித்து வேகத்தைக் குறை. தலைக்கவசம் போடு. இறக்கத்தில் சத்தமின்றி உருண்டு வராதே.

நடக்கும்போது நாமும் சிலவற்றைக் கவனிக்கலாம். நடைபாதை இல்லாத வீதியில் வலது பக்கமாக நடந்தால் எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும். வளைவில் வலது பக்கம் ஒதுங்க இடமில்லாவிட்டால், வளைவுக்கு வெகுமுன்னரே பார்த்துக் கடந்து மறுபக்கம் போவது நல்லது. பிள்ளைகளை வாகனம் வரும் பக்கம் விடாமல் உட்புறமாக நடத்துங்கள். பனியிலும் மழையிலும் கறுப்புப் படங்கு போர்த்தி நடந்தால் சாரதிக்குத் தெரியாது; தலையிலோ தோளிலோ வெளிர்நிறத் துணியொன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் டோர்ச் கையில் இருக்கட்டும். குடையை முகத்துக்கு முன்னால் சாய்க்காதீர்கள்.

விபத்து நேர்ந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. பொலிஸ் அவசர இலக்கம் 119. வாகனத்தின் இலக்கத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். சின்ன அடிதானே என்று விட்டுவிடாமல் முறைப்பாடு செய்யுங்கள். பின்னர் காப்புறுதி நட்டஈடு பெற அது அவசியம். மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனம் அடையாளம் காணப்படாவிட்டால், தேசிய வீதிப் பாதுகாப்பு சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. பொலிஸ் நிலையப் படியேற எம்மில் பலருக்கு இன்னமும் தயக்கம் இருக்கிறது. காரணம் எல்லோரும் அறிந்ததே. தனியே போக வேண்டாம், இன்னொரு பெண்ணைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத எதிலும் கையொப்பம் இட வேண்டாம்.

அன்று கடை வீதியில் அக்கா சிறிது நேரம் நின்று மூச்சு வாங்கிவிட்டு, மீண்டும் நடந்தார். வாங்க வந்த மாவையும் பருப்பையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். வீட்டில் தமக்கையின் பேரப்பிள்ளைகள் காத்திருந்தார்கள். அடுத்த மாதமும் அவர் கடைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னர் எங்கள் சங்கத்தின் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் அப்படியொரு கடிதத்தை எழுதத் தொடங்குவீர்களா, சகோதரிகளே?