குருதிக் குழாயின் நெகிழ்ச்சி

1930-ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியினின்று நடந்து சென்று உப்பு அள்ளிய ஊர் வேதாரண்யம். உணவுக்கு இன்றியமையாத அவ்வுப்பு அளவு மிகுந்தால் குருதியின் அழுத்தத்தை உயர்த்தும். அதனால் குருதிக் குழாய்கள் கேடுறும்.

இதயம் சுருங்குந்தோறும் பெருந்தமனி விரிந்து, பின் தன்னிலைக்கு மீண்டு, குருதியை இடையறாது செலுத்துகிறது. இந்நெகிழ்ச்சியைத் தருவது எலாஸ்டின் என்னும் புரதம். கருவிலும் இளமையிலுமே பெரும்பாலும் உருவாகும் அது வாழ்நாள் முழுதும் உழைத்தல் வேண்டும். சிதைந்தால் முன்போல் செம்மையாக மீண்டும் அமைவதில்லை. முதுமையும் மிகுந்த அழுத்தமும் அதனைச் சிதைக்கின்றன. சிதைந்த துணுக்குகளும் வாளா இருப்பதில்லை. குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டிச் சுண்ணம் படியத் துணைசெய்கின்றன. குழாய் விறைக்க, அழுத்தம் மேலும் ஏறும்.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. போராடிப் பெற்ற உப்பை அளவறிந்து உண்பதே அறிவுடைமையாகும்.