தலை முன்னே, கால் பின்னே

ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது நோயாளியின் தலைதான் முதலில் உள்ளே போகும். மூச்சைக் கவனிக்கும் மருத்துவ உதவியாளருக்குத் தலைமாட்டில் இடம் வேண்டுமே! அதனால் வண்டி ஓடும் திசையிலேயே உடம்பு நீட்டிப் படுத்திருக்கிறது. ஓட்டுநர் சடாரென்று பிரேக் போட்டால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார்; படுத்திருப்பவரோ உச்சந்தலை முதலாக முன்னோக்கி வழுக்குவார்.

இடுப்பிலும் தொடையிலும் குறுக்கே போடும் பெல்ட்டுகள் இதற்கு அவ்வளவாக உதவா. உடம்பு எகிறாமலும் பக்கவாட்டில் உருளாமலும் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. நீளவாக்கில் நழுவும்போது, உறையிலிருந்து தலையணை உருவிக்கொண்டு வருவதுபோல உடம்பு வெளியே வந்துவிடும். அதைத் தடுப்பவை, இரு தோள்களின் மேலாக இறங்கி மற்ற பெல்ட்டுகளோடு சேரும் தோள்வார்கள். அவசரத்தில் மாட்டாமல் விடப்படுவதும் பெரும்பாலும் அவைதான்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலோ மோதி 1 மீட்டருக்குள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், உள்ளிருப்பவர்மேல் புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு விசை. ஐரோப்பிய ஆம்புலன்ஸ் தரவிதியான இ.என். 1789 சோதனைக்கு எடுத்துக்கொள்வதும் இதே 10 மடங்கைத்தான். 60 கிலோ மனிதர் அந்தக் கணத்தில் 600 கிலோவாகி வார்களை இழுப்பார். ஸ்ட்ரெச்சர் 40 கிலோ என்றால், தரையிலுள்ள பூட்டு தாங்கவேண்டியது மொத்தம் 1,000 கிலோ. தாயின் மடியிலிருக்கும் 3 கிலோ பச்சிளங்குழந்தை 30 கிலோவாகும். எந்தக் கையும் அதைப் பிடித்துவைக்காது. கட்டாத ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மோதல் இல்லாமலும் உடலுக்குள் சிறு கலவரம் உண்டு. பிரேக் போட்டால் ரத்தம் தலைப்பக்கம் சரியும், வேகமெடுத்தால் கால்பக்கம். தலையில் அடிபட்டவருக்கு ஓட்டுநரின் நிதானமான கால்கூட ஒரு சிகிச்சைதான்.

நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாந்து கட்டினால், கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே வலது இடுப்புக்கடியில் துணியைச் சுருட்டி வைத்து, இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். ஒரு பெல்ட் வயிற்றுக்கு மேலே மார்பில். இன்னொன்று வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின்மீது.