கோபாவும் கோப்பும்: எது எதனை ஆராயும்?

மாணவர்களே, இவ்விரு குழுக்களையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழந்துவிடாதீர்கள்.

பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது என அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆயினும் 225 உறுப்பினர்களும் சபையில் கூடி ஒவ்வொரு கணக்கையும் ஆராய்தல் இயலாது. எனவே அவ்வேலை குழுக்களிடம் ஒப்படைக்கப்படுகிறது.

உக்குவளைப் புகையிரத நிலையம் திணைக்களமொன்றின் கீழ் உள்ளது. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றை 1921 இல் தொடங்கப்பட்ட அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, அதாவது கோபா ஆராயும். மாத்தளைக்குச் செல்லும் இ.போ.ச. பஸ்ஸோ நியதிச் சபையொன்றுக்கு உரியது. அத்தகைய சபைகளையும் கூட்டுத்தாபனங்களையும் 1979 இல் அமைக்கப்பட்ட அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, அதாவது கோப் ஆராயும்.

இரண்டுக்கும் அடிப்படையாக அமைவது கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையாகும். குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும், ஆவணங்களைக் கோரும், விதப்புரைகளுடன் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடும். குற்றவாளியெனத் தீர்ப்பளித்துத் தண்டிப்பது நீதிமன்றத்தின் பணியாகும்.

நினைவிற் கொள்க: திணைக்களம் என்றால் கோபா, கூட்டுத்தாபனம், நியதிச் சபை என்றால் கோப். செலவாகும் பணம் உங்கள் வீட்டாரும் செலுத்தும் வரிப்பணமே. அதற்குக் கணக்குக் கேட்கும் இடம் எதுவென்பதைப் பரீட்சைக்குப் பின்னரும் மறவாதீர்கள்.