இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளியைக் கொடுங்கள்

"இருமல் விடவே மாட்டேங்குது, நல்லதா ஏதாவது குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்கிறார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையிலிருந்து நாலைந்து மாத்திரைகளை வெட்டிக் காகித உறையில் போட்டு, கூடவே ஒரு இருமல் டானிக்கையும் நீட்டுகிறார். அந்த 'செட் மாத்திரை'யில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மூன்று நாள் குறைகிறது, நாலாம் நாள் மறுபடி இருமல். அடுத்து வேறு கடை, அதற்கடுத்துத் தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. இப்படியே இரண்டு மூன்று மாதம் ஓடி, சட்டை தொளதொளத்து, சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அதற்குள் நுரையீரலில் குழி விழுந்திருக்கும். வீட்டில் இன்னொருவர் இருமத் தொடங்கியிருப்பார்.

மேஸ்திரி, லாரி ஓட்டுநர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று ஆள்தான் மாறுகிறார், கதை மாறுவதில்லை. "டிபி எல்லாம் நமக்கு வருமா?" என்ற ஒரு கேள்வியிலேயே காலம் போய்விடுகிறது. வரும். காற்றில் பரவுகிற கிருமி வசதி பார்த்து வருவதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், பசியின்மை ஆகியவை சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் வாரக் கணக்கே வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை.

நீண்ட இருமல் எல்லாம் காசநோய் ஆகிவிடாது. வைரஸ் காய்ச்சல் போன பிறகும் வறட்டு இருமல் சில வாரம் நிற்பதுண்டு. ஆஸ்துமா, பீடி சிகரெட்டால் கெட்டுப்போன நுரையீரல், இரவில் மேலே ஏறும் நெஞ்செரிச்சல் ஆகியவையும் காரணமாகும். எனாலாபிரில், ராமிபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் சிலருக்குத் தீராத வறட்டு இருமலைத் தரும்; அதை டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்தாதீர்கள். எதுவானாலும் முதலில் சளிப் பரிசோதனையை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். காய்ச்சல் குறையும், சளியில் கிருமி தெரியாது, நோய் மட்டும் உள்ளே இருக்கும். பிற்பாடு தேவைப்படும்போது அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம். இவற்றையும் காசநோய் மாத்திரைகளையும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது; நோயாளியின் பெயரையும் எழுதித் தந்த டாக்டரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற எச்-1 பட்டியல் விதி 2014 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை ஒழுங்காகப் புரட்டிப் பார்த்தாலே பாதிக் கடைகள் திருந்திவிடும். மருந்து ஆய்வாளர்கள் அதைச் செய்யட்டும்.

பரிசோதனைக்கு எங்கே போவது? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. ஆதார் நகல் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் கிடையாது; யாராவது கேட்டால் தராதீர்கள். ஒரு சளி டப்பா தருவார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். எச்சிலில் கிருமி தெரியாது. முதலில் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். காற்றோட்டமான வெட்ட வெளியில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, கெட்டியாக வருவதை டப்பாவுக்குள் துப்புங்கள். வழவழப்பாக, மஞ்சளோ வெள்ளையோ கலந்து வந்தால் அதுதான் சளி; நுரையும் தண்ணீருமாக இருந்தால் எச்சில், திரும்ப முயலுங்கள். மூடியை இறுக்கி மூடிக் கையோடு கொடுங்கள். இன்னொரு மாதிரியை மறுநாள் காலையில் எழுந்தவுடன், எதுவும் சாப்பிடுவதற்கு முன் எடுக்க வேண்டும். அந்தக் காலை மாதிரியை விட்டுவிடாதீர்கள்.

நுண்ணோக்கியில் பார்க்கிற பழைய முறையில் கிருமி நிறைய இருந்தால்தான் தெரியும். ஆகவே "ட்ரூநாட் அல்லது சிபிநாட் செய்யுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குறைந்த கிருமியையும் அது காட்டும்; முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லும். "லேப் டெக்னீஷியன் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்றால் சும்மா திரும்பாதீர்கள். மாதிரியை வேறு மையத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. நகரவில்லையென்றால் மாவட்ட காசநோய் மையத்தில் துணை இயக்குநரிடம் (காசநோய்) எழுதிக் கொடுங்கள். 1800-11-6666, 104 ஆகிய உதவி எண்களிலும் கேட்கலாம். அதற்கும் அசையாவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100, அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். இருமுகிறவரை வாரக் கணக்கில் அலையவிடும் ஊழியர், அவர் ஏறி இறங்கும் ஒவ்வொரு பேருந்திலும் நோய் பரவக் காரணமாகிறார்.

நோய் உறுதியானால் அன்றே மூன்று காரியம். முதலாவது, அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான 'நிக்‌ஷய்' பதிவு எண்ணை எழுதி வாங்குங்கள். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் அவர் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். இரண்டாவது, வங்கிப் பாஸ்புத்தக முதல் பக்க நகலைக் கொடுங்கள். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். தொடக்கத்தில் 3,000, சிகிச்சை 84 நாள் ஆனபின் 3,000 என்று கணக்கில் வரும். தனியாரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் இது உண்டு. பணம் வராததற்குப் பெரும்பாலும் முடங்கிக் கிடக்கும் கணக்கோ ஆதார் இணைக்காததோதான் காரணம். முதலிலேயே வங்கியில் சரிபார்த்துவிடுங்கள். மூன்றாவது, எடை பார்க்கச் சொல்லுங்கள். மிக மெலிந்தவர், மூச்சு வாங்குபவர், துணையில்லாமல் நிற்க முடியாதவர் ஆகியோரைக் கண்டறிந்து படுக்கையில் சேர்த்துக் காப்பாற்றத்தான் தமிழ்நாட்டில் 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. மாத்திரையை மட்டும் கையில் திணித்து வீட்டுக்கு அனுப்பினால் சம்மதிக்காதீர்கள். சர்க்கரை, எச்ஐவி பரிசோதனைகளையும் சேர்த்து முடியுங்கள்.

சாதாரணக் காசநோய்க்கு மருந்து 6 மாதம், தினமும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது மாத்திரையின் நிறம், பயம் வேண்டாம். கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி எடுத்தால் உடனே டாக்டரிடம் போங்கள். இரண்டாம் மாதம் இருமல் நின்று, பசி எடுத்து, எடை ஏறும். அப்போதுதான் பலர் நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அங்கேதான் முளைக்கிறது. "ஸ்டாக் இல்லை" என்றாலும் அன்றே மாவட்ட மையத்துக்குப் போங்கள். ஒரு நாளும் விடாதீர்கள். வீட்டிலுள்ள அனைவரையும், முக்கியமாக 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை கேளுங்கள்.

குழந்தைகளின் இருமலுக்குக் கடை டானிக் வேண்டாம். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2 வயதுக்குள் இருமல் மருந்தே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அதன்பின் அறிவுறுத்தியது.

பனியன் கம்பெனியிலோ மில்லிலோ வேலை பார்ப்பவர்கள் காசநோய் என்று தெரிந்ததும் பயந்து வேலையை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், தொடர்ந்து 2 ஆண்டு காப்பீட்டில் இருந்து உரிய சந்தாவும் கட்டியவருக்குக் காசநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாகக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். இஎஸ்ஐ டாக்டர் தரும் விடுப்புச் சான்றை ஒவ்வொரு முறையும் நகல் எடுத்துக்கொண்டு, அசலை இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிவிடுங்கள். இடையில் ஒரு சான்று விட்டுப்போனாலும் அந்த நாட்களுக்குப் பணம் நின்றுபோகும்.