கருவிக்கு மாற்று உண்டு, அளவுக்கு மாற்று இல்லை

உணவகத்தில் கோப்பை கழுவி முடிக்கும் நள்ளிரவில் கடைசி பஸ் போய்விட்டிருக்கும். புலம்பெயர்ந்த எம்மவரில் எத்தனையோ பேரை அந்நேரத்தில் வீடு சேர்த்தது, பழைய சாமான் சந்தையில் வாங்கிய துவிச்சக்கரவண்டியே. ஜேர்மனிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் எம்மிடமும் அத்தகைய வண்டியொன்று இருந்தது. ஒருநாள் அதன் ஹாண்டில், நேராக நிற்கும் இடத்தில் இறுகிப் பிடிக்கத் தொடங்கியது. திருத்துவதற்குக் கேட்ட கூலியோ வண்டியின் விலையிலும் அதிகம்.

நாம் திருத்தாத சைக்கிளா என்று எண்ணினோம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் பற்றரியும் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில், சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். அந்தத் துணிவில் புதிய கப்பை வைத்துச் சுத்தியலால் அடித்தோம். கப் சரிந்து ஏறியது. குழாயின் வாயும் பழுதாயிற்று. பின்னர் ஒரு மாதகாலம் உறைபனியில் ஏழு கிலோமீற்றர் நடந்தே வீடு திரும்பினோம். அந்த நடையிற் கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

முன்சில்லைத் தாங்கும் போர்க்கின் தண்டு, பிரேமின் முன்குழாயினுள் சுழல்கின்றது. அக்குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் ஒவ்வொரு கப் இறுக்கமாக அமர்ந்திருக்கும். போர்க்கின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். இவற்றிடையே பேரிங் குண்டுகள் உருளும். பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் அதிர்ச்சி ஒரே இடத்தில் விழுந்து அங்கே குழி விழுகின்றது. ஹாண்டில் பிடிப்பதற்குக் காரணம் இதுவே.

கழற்றும்போது குண்டுகளை எண்ணி வையுங்கள். பழைய கப்பைக் குழாயின் மறுமுனையால் ஓர் இரும்புக் கம்பியை விட்டு, பக்கம் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றலாம். புதியதை ஏற்றுவதற்குச் சுத்தியல் வேண்டாம். 12 மில்லிமீற்றர் புரிக்கம்பி ஒன்று, இரண்டு நட், கப்பிலும் அகன்ற தடித்த வாஷர்கள், இரண்டு ஸ்பானர்கள் போதும். ஜேர்மனியில் இக்கம்பியைக் 'கெவிண்டெஷ்டாங்கெ' என்றும் பிரான்சில் 'தீஜ் ஃபிலெத்தே' என்றும் கேட்டு வாங்கலாம். குழாயின் வாயில் கிறீஸ் பூசி, கம்பியை ஊடே விட்டு, ஒரு தடவைக்கு ஒரு கப் என மெதுவாக நட்டை இறுக்குங்கள். சரிவது தெரிந்தால் உடனே நிறுத்திக் கழற்றி மீண்டும் தொடங்குங்கள். கழுத்து வளையத்தை, தண்டின்மேல் வழுகிச் செல்லும் இரும்புக் குழாய்த் துண்டொன்றை வைத்துச் சுற்றிவரத் தட்டி இறக்கலாம். குண்டுகள் ஓடும் தடத்தில் குழாய் படலாகாது.

இனி முக்கியமான செய்தி. 25.4 மில்லிமீற்றர் தண்டுள்ள வண்டிகளிற் கப் அளவு பொதுவாக 30.2 அல்லது 30.0 மில்லிமீற்றர், வளையம் 26.4 அல்லது 27.0. கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாட்டினால் கப் ஆடும், அல்லது குழாய் வெடிக்கும். புரியும் அவ்வாறே: பெரும்பாலானவை அங்குலத்துக்கு 24, பழைய றலி வண்டிகளில் 26, பழைய பிரெஞ்சு வண்டிகளில் 25 மில்லிமீற்றர் தண்டு. இரண்டு சுற்றில் நட் இறுகினால் அதை வலிந்து திருகாதீர்கள். வேர்ணியரால் அளந்த பின்னரே பாகம் வாங்குங்கள்.

பூட்டி முடிந்ததும் முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. முன்சில்லை உயர்த்தினால் ஹாண்டில் தானாகவே இருபுறமும் சாய வேண்டும். சில நாள் ஓடியபின் மீண்டும் பாருங்கள். காபன் பிரேமோ, வெடிப்புள்ள போர்க்கோ ஆயின் கடையை நாடுவதே அறிவுடைமை. ஓடும்போது ஹாண்டில் பிடித்துக்கொண்டால் விழுவது வீதியின் நடுவில்.

வதிவிட அனுமதிக்குக் காத்திருந்து, சிறு உதவிப்பணத்தில் நாட்களைக் கழிப்போர் இன்றும் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்குப் பத்துக் காசும் காசுதான். இல்லாத கருவிக்கு இருப்பதை மாற்றாக்குவது எமக்கு இழுக்கன்று. அது எமது மண் கற்பித்த வித்தை. ஆனால் அளவையும் பொறுமையையும் மாற்ற முற்பட்டால், மிச்சம் பிடித்த கூலியை நடந்தே கொடுக்க நேரும். நாம் கொடுத்தோம், நீங்கள் கொடுக்க வேண்டாம்.